மேனேஜர் இளைத்த விவரம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். மேனேஜரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதத்தான் தாளை எடுத்தேன். ஆனால் பொய்யோடு கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கம் இல்லாததால் அந்த வரியைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். அங்கே நீ, மாப்பிள்ளை, பெரியவள், பிறந்து எட்டு மாதமான சின்னவன், அவனைப் பார்த்துக்கொள்ள வந்து எட்டு மாதமாகத் திரும்பாத உன் அம்மா, எல்லோரும் சுகமாகவும் ஜலதோஷம் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியது எதுவும் எனக்கு மறக்கவில்லை. "நாயைப் பட்டினி போட்டுக் கொல்றீங்கப்பா" என்றாய். வருகிற சனிக்கிழமை வேன் அனுப்பி மேனேஜரை உன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாய். "நீங்களும் அந்தப் பிடிவாதத்தை விட்டுட்டு வீட்டைப் பூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்றாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது சின்னவன் அழுதான், நீ போனை வைத்துவிட்டாய். குழந்தை அழுதால் போனை வைக்கத்தான் வேண்டும், அதில் குறை இல்லை. ஆனால் ஒருவன்மேல் பழியைப் போட்டுவிட்டு அவன் பதிலைக் கேட்காமல் போவது எந்த ஊர் நியாயம்? போனில் என்னால் உன் வேகத்துக்குப் பேச முடியாது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு வேனைப் பற்றி முடிவு செய்.

மூன்று மாதத்துக்கு முன் மேனேஜர் ராப்பகலாய்ச் சொறிந்துகொண்டிருந்தான். முதுகில் ரோமம் உதிர்ந்து ரூபாய் அளவு வழுக்கை. பாக்கெட் தீனிதான் ஒத்துக்கொள்ளவில்லை, இனி பச்சைக் கறிதான் என்று முடிவு செய்தது நீ. ஒரு சார்ட் அனுப்பினாய். அதை நான் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். தினமும் நாயின் எடையில் நூற்றுக்கு இரண்டரை பங்கு தீனி. அதில் எண்பது பங்கு சதைக்கறி, பத்து பங்கு பச்சை எலும்பு, ஐந்து பங்கு ஈரல், ஐந்து பங்கு கிட்னி. வேகவைத்த எலும்பு கூடவே கூடாது, சிதறிக் குடலைக் குத்தும். பழைய தீனியைக் குறைத்துப் புதியதைக் கூட்டிப் பத்து நாளில் மாற்ற வேண்டும். இதில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை. நீ ஒரு வேலையை எழுதிக் கொடுத்தால் அதை எழுதியபடி செய்கிற ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான். உன் அம்மாவிடம் கொடுத்திருந்தால் "பாவம், ஒரு வாய் சோறு வைக்கிறேன்" என்று முதல் நாளே சார்ட்டைக் கெடுத்திருப்பாள்.

மாற்றியது சுலபமாக நடக்கவில்லை. மேனேஜரை உனக்குத் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது மழையில் நனைந்த குட்டியாக நீதான் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் வேலை செய்யும்போது நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பான், நான் உட்கார்ந்தால் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுவான். அதனால்தான் அந்தப் பெயர். அப்படிப்பட்டவன் முதல் நாள் பச்சைக் கறியை முகர்ந்தான். என்னைப் பார்த்தான். பிறகு தீனி உருண்டைகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, கறித்துண்டுகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து என் செருப்புப் பக்கத்தில் வரிசையாக வைத்தான். எனக்கு ஏதோ சேர வேண்டியது தவறி அவன் தட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்தான் போலிருக்கிறது. நாலாம் நாள் ஒரு கோழிக்கழுத்தை உன் அம்மா கட்டிலுக்குக் கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைத்து, மூக்கால் தள்ளித் தள்ளி மூடினான். உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே. உறையை இரண்டு தடவை துவைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு துண்டைக் கடித்தான். பத்தாம் நாள் கிண்ணத்தை நக்கி நக்கிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போனான். ஒரு மாதத்தில் சொறிவது நின்றது, ரோமம் வளர்ந்தது. அந்தப் பெருமை உனக்கு உரியது, நான் மறுக்கவில்லை.

கறிக்கடைக்காரரிடம் நான் பட்ட அவமானத்தையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் வாரக் கணக்குப்படி ஒரு நாளைக்கு நானூற்றைம்பது கிராம். அப்படியென்றால் ஈரல் இருபத்திரண்டரை கிராம். கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவரே, இது கறிக்கடை. நகைக்கடை ரெண்டு கடை தள்ளி இருக்கு" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் நிறுத்தபோது தராசுத் தட்டின் ஓரம் கண்ணாடிப் பெட்டியில் உரசிக்கொண்டு நின்றதைக் கவனித்து, பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்து நானே சரிசெய்து கொடுத்தேன். "உங்களை யாரு கேட்டா?" என்றார். "கேட்டா செய்யறவன் இல்ல நான்" என்றேன். அதற்குப் பிறகு நான் தெருமுனையில் வரும்போதே, "வந்துட்டாருப்பா, அரை கிராமு! ஈரலை வெளிய எடு" என்று உள்ளே குரல் கொடுப்பார். போகட்டும். எடை சரியாகக் கிடைத்தது, எனக்கு அது போதும்.

இப்போது எடைக்கு வருகிறேன். உன் குற்றச்சாட்டு முழுவதும் அதில்தான் நிற்கிறது. மேனேஜரை ஒவ்வொரு ஞாயிறும் நிறுத்தேன். நம் வீட்டு மேடைத் தராசு என் கையால் பிரித்துப் பூட்டியது, அதில் சந்தேகம் வேண்டாம். மேடை காலடியில் லேசாக ஆடும் என்பதால் மேனேஜர் தனியாக நிற்க மாட்டான், குதித்து ஓடிவிடுவான். ஆகவே நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி, மொத்த எடையில் என் எடையைக் கழித்துவிடுவேன். என் எடை அறுபத்து நாலு கிலோ. இது உனக்கே தெரியும். ஒருவரிடமும் படிக்காமல் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழிலில் நாற்பத்தொரு வருஷம் தராசு ரிப்பேர் செய்தவன் நான். குடோன்களிலும் பார்சல் ஆபீஸ்களிலும் பெரிய தராசைச் சரிபார்க்க எடைக்கற்களைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏற முடியாதபோது, நானே தராசில் ஏறி நிற்பேன். அறுபத்து நாலு காட்டினால் தராசு சரி, காட்டாவிட்டால் தராசில் கோளாறு. ஒரு நாளும் தப்பியதில்லை. குடோன் ஆட்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "அறுபத்து நாலு வந்தாச்சு, கதவைத் திற" என்பார்கள். அப்படிப்பட்டவன் நாயை நிறுப்பதற்கு முன்னால் தன்னை ஒரு முறை நிறுத்துப் பார்ப்பானா? எடைக்கல்லை யாராவது நிறுத்துப் பார்ப்பார்களா?

முதல் ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து எண்பத்திரண்டு. அறுபத்து நாலு போக மேனேஜர் பதினெட்டு. மிருக ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொடுத்த பழைய அட்டையில் அவன் எடை இருபத்து நாலு என்று எழுதியிருந்தது. அவர்கள் தராசு கெட்டுப்போயிருக்கிறது என்று அன்றே முடிவு கட்டினேன். அடுத்தடுத்த வாரங்களில் எண்பது, எழுபத்தெட்டு என்று இறங்கிக்கொண்டே வந்தது. நேற்று எழுபத்தாறு. அதாவது மேனேஜர் பன்னிரண்டு. சார்ட் என்ன சொல்கிறது? எடையில் நூற்றுக்கு இரண்டரை. எடை குறைந்தால் தீனியும் குறைய வேண்டும். நானூற்றைம்பதை நானூறாக்கினேன், பிறகு முந்நூற்றைம்பது, பிறகு முந்நூறு. மேனேஜர் கிண்ணத்தை நக்கி முடித்துவிட்டு என்னையே பார்ப்பான். நான் ஃபிரிட்ஜ் கதவைக் காட்டுவேன். மனசு கேட்காமல் ஒரு நாள்கூடப் பத்து கிராம் அதிகம் போட்டதில்லை. ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. பன்னிரண்டு கிலோ நாயைத் தூக்கும்போது பன்னிரண்டு கிலோ மாதிரி இல்லை. மூச்சு வாங்கியது. எனக்கு வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்று, "சார், நாய்க்கு விலா எலும்பெல்லாம் எண்ணிடலாம் போல இருக்கே" என்றாள். "எண்ணிக்கோங்க, கணக்கு டீச்சர்தானே" என்றேன். அவள் எண்ணவில்லை, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டாள். அதில் நானும் நிற்கிறேன் என்று நீ சொன்னாய். "உங்க சட்டை ஏன்பா யாரோட சட்டையோ மாதிரி தொங்குது?" என்று கேட்டாய். நாய்ப் பேச்சில் சட்டைப் பேச்சு எதற்கு என்று நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

நீ போனை வைத்த பிறகு எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. டாக்டரம்மாவின் தராசு தப்பு என்று நிரூபித்துவிட்டால் நீ பார்த்த பழைய எடையும் தப்பு, மேனேஜர் இளைக்கவே இல்லை, வேனும் வர வேண்டியதில்லை. இன்று காலை ஐந்து கிலோ, பத்து கிலோ எடைக்கற்களைப் பையில் போட்டு ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையில் மேனேஜரைப் பிடித்துக்கொண்டு, வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே தராசு தரையோடு தரையாகப் பலகை மாதிரி இருக்கிறது. மேனேஜர் பேசாமல் ஏறி நின்றான்.

"இருபது" என்றார் டாக்டரம்மா. முகம் மாறிவிட்டது. "என்னங்கய்யா இது, நாலு கிலோ இறங்கியிருக்கு?"

"பன்னிரண்டு" என்றேன்.

"மெஷின் இருபது காட்டுதுங்கய்யா."

"மெஷினுக்கு வைத்தியம் பாக்கறவன்மா நான். கொஞ்சம் நகருங்க."

நாயை இறக்கிவிட்டுக் கற்களை வைத்தேன். ஐந்து வைத்தால் ஐந்து. பத்து வைத்தால் பத்து. இரண்டும் சேர்த்துப் பதினைந்து. நடுவில் வைத்தேன், நாலு மூலையிலும் வைத்தேன். ஒரு புள்ளி அசையவில்லை. அருமையான தராசு. "வீட்டுத் தராசும் சரிதான், காலையில இதே கல்லை வச்சுத்தான் பார்த்தேன்" என்றேன். பூனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒருவர், "பெரியவர் செருப்போட நின்னிருப்பாரு" என்றார். "எட்டு கிலோவுக்கு எவன்யா செருப்பு தைக்கிறான்?" என்று கேட்டேன். கூடைக்குள்ளிருந்து பூனைதான் பதில் சொன்னது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வீட்டில் எப்படி நிறுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அறுபத்து நாலுன்னு கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"எப்பவும் அறுபத்து நாலுதான்."

"ஒரு தடவை ஏறி நில்லுங்க."

"எனக்கு எதுக்கும்மா? நான் நாயைக் காட்ட வந்தேன்."

"ஏறுங்கய்யா. நாயே ஏறிடுச்சு, உங்களுக்கு என்ன?"

ஏறினேன். ஐம்பத்தாறு.

இறங்கி, தராசு பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்து, மறுபடி ஏறினேன். முறை அதுதான். ஐம்பத்தாறு. சட்டைப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் சாவியையும் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை ஏறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது, கையில் இருந்தாலும் பையில் இருந்தாலும் எடை ஒன்றுதான். ஐம்பத்தாறு. மேனேஜர் என் காலடியில் உட்கார்ந்து நான் வேலை செய்வதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு கிலோ எங்கே போனது என்று கண்டுபிடித்தாகிவிட்டது. நாற்பத்தொரு வருஷமாகக் கடை கடையாய்ப் போய், "முதலாளி, கல்லு தேயும். வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்த்து முத்திரை வாங்குங்க" என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். திட்டிவிட்டு வருவேன்.

டாக்டரம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். மேனேஜரின் சாப்பாட்டை விவரமாகக் கேட்டார், சொன்னேன். கறி, எலும்பு, ஈரல், கிட்னி, எந்த வேளைக்கு எத்தனை கிராம், எத்தனை மணி நேரம் ஃபிரீஸரில், எத்தனை மணி நேரம் வெளியே, எல்லாம் மனப்பாடம். "சரி, நீங்க என்ன சாப்பிடுறீங்க?" என்றார். காலையில் டீ என்றேன். மத்தியானம் என்றார். மேனேஜரின் கறியை வெட்டி நிறுத்துப் பொட்டலம் கட்டி, பலகையை வெந்நீரில் கழுவி, கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியதும் மணி மூன்றாகிவிடும், அதற்குமேல் அடுப்புப் பற்றவைக்கத் தோன்றாது, பிரெட் இருக்கும் என்றேன். ராத்திரி என்றார். அதுவும் பிரெட்தான் என்றேன். "எத்தனை கிராம்?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பிரெட்டை நான் ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. "நான் மனுஷங்களுக்கு மருந்து எழுதக் கூடாதுங்கய்யா. ஆனா எனக்கும் கண்ணு இருக்கு. நாளைக்கே ஒரு டாக்டரைப் பாருங்க" என்றார். மேனேஜரின் தீனியை ஐம்பது ஐம்பதாகக் கூட்டி அறுநூறுக்குக் கொண்டுவரச் சொல்லி அட்டையில் எழுதினார். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, "உரிமையாளர் 56" என்றும் எழுதிவிட்டார். நான் ஆட்சேபித்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆக, கணக்கைப் பார். உன் சார்ட் சரி. என் தராசு சரி. டாக்டரம்மா தராசும் சரி. கறிக்கடைத் தராசு நான் கைவைத்த பிறகு சரி. நான் சொன்னபடி செய்தேன். பழையதாகிப்போனது ஒரே ஒரு எண், அவ்வளவுதான். இதற்குப் பட்டினி போட்டேன் என்று சொல்வது அதிகப்படியான வார்த்தை, அதை நீ வாபஸ் வாங்க வேண்டும். மேனேஜரிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நேரிலேயே. மூன்று மாதம் அவன் கிண்ணத்தோடு என்னைப் பார்த்தபோதெல்லாம் நான் அவனைப் பார்க்காமல் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்தேன் என்பது எனக்குத் தெரியும். அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஆகவே வேனை நிறுத்து. மேனேஜர் இந்த வீட்டில்தான் இருப்பான். நீ எடுத்துக்கொண்டு போனால் காலையில் எழுந்து யாருக்கு எதை நிறுப்பது என்று நான் கேட்கவில்லை, கேட்பதுபோல் தெரிந்தால் அது என் எழுத்தின் கோளாறு. நானும் அங்கே வருவதாக இல்லை. காரணம் உனக்குத் தெரியும். போன முறை வந்தபோது மாப்பிள்ளையின் குளியலறைத் தராசு இருநூறு கிராம் தப்பாகக் காட்டியதால் அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று அதைப் பிரித்தேன். எலக்ட்ரானிக் சாமானின் உள்விவகாரம் வேறு மாதிரி இருந்தது, மூடிய பிறகு அது எதையுமே காட்டவில்லை. மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் புதுத் தராசு வாங்கி வந்து அதே இடத்தில் வைத்தார், அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். உன் அம்மாவும் எனக்காகத் திரும்பி வர வேண்டியதில்லை, சின்னவன் நடக்கும்வரை அங்கேயே இருக்கட்டும். ஐம்பத்தாறு என்ற எண்ணை அவளிடம் சொல்லக் கூடாது. எனக்கு எந்தக் குறையும் இல்லை, டாக்டரிடம் போகும் உத்தேசமும் இல்லை. இது என் இறுதியான முடிவு.

நீயும் மாப்பிள்ளையும் ஒற்றுமையாக, நீண்ட ஆயுளோடு, பிள்ளைகள் வயிறார உண்டு வளர்வதைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும். பெரியவளுக்கு என் முத்தம். சின்னவனுக்கு இரண்டு. உன் அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: கூரியர் ஆபீஸ் மூடிவிட்டதால் கடிதம் நேற்று போகவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் புது எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம் என்று மேனேஜரைத் தூக்கினேன். தராசுவரை வந்துவிட்டேன், மேலே ஏற முடியவில்லை. இரண்டு பேரும் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டோம். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அதுவரை அவன் எங்கேயும் போகவில்லை, நாற்காலியையும் தேடவில்லை. மேலே எழுதியதை எல்லாம் திருப்பி எழுதத் தாள் இல்லை, ஆகவே அப்படியே அனுப்புகிறேன். சனிக்கிழமை வேன் வரட்டும். டிரைவரிடம் முன் சீட்டைக் காலியாக வைத்திருக்கச் சொல். மேனேஜர் தனியாகப் பிரயாணம் செய்து பழகாதவன். அன்று மத்தியானம் அவனுக்குப் பச்சைக் கறி முந்நூற்றைம்பது கிராம், நான் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறேன். எனக்கும் சேர்த்து ஒரு படி உலையில் போடும்படி உன் அம்மாவிடம் சொல். எனக்கு வேகவைத்ததாகவே இருக்கட்டும்.